ஒரே குணசேகரன், இரண்டு நடிகர்கள்: 'எதிர்நீச்சல்' பார்த்த அனுபவம்

2022 பிப்ரவரியில் சன் டிவியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியதிலிருந்து 2024 ஜூனில் முடியும்வரை விடாமல் பார்த்தவள் நான். இரவு ஒன்பதரை ஆனால் எங்கள் வீட்டில் அடுப்படி வேலை அப்படியே நிற்கும். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு வசனத்தைத்தான் கேட்பார்.

வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவை அம்மா குரலாகவே அறிந்தார். "ஏய், இந்தாம்மா" என்பதில் அந்த 'ஏய்' வெடுக்கென்று வரும், 'இந்தாம்மா' இழுத்து இறங்கும். தேனிப் பக்கத்துப் பேச்சு மாரிமுத்துவுக்கு நாக்கிலேயே இருந்தது. படம் இயக்கியவர் என்பதாலோ என்னவோ, எந்தச் சொல்லுக்குப் பிறகு நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். கெட்டவன்தான், ஆனாலும் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருக்க வைத்தார்.

2023 செப்டம்பர் 8 காலையில், இந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு வந்து அவர் போய்ச் சேர்ந்தார். அன்று எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரிதான் இருந்தது. பிறகு சில வாரங்கள் குணசேகரன் இல்லாமலே கதை நகர்ந்தது. அதன்பின் குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார்.

முதல் இரண்டு வாரம் நான் அவருக்கு நியாயம் செய்யவில்லை. ஒவ்வொரு வசனத்தையும் பழைய குரலில் மனசுக்குள் சொல்லிப் பார்த்து, "இது அவர் மாதிரி இல்லை" என்று தள்ளினேன். ஒருநாள் அம்மா கண்ணை மூடியபடியே சொன்னார்: "இவரு சத்தமே போடலடி, ஆனா அந்தப் பிள்ளைக எல்லாம் கப்புனு அடங்கிருச்சுக பாரு."

அன்றிலிருந்து வேல ராமமூர்த்தியை விட்டுவிட்டு எதிரில் நிற்பவர்களைக் கவனித்தேன். குணசேகரனின் தம்பி மனைவி நந்தினியாக வரும் ஹரிப்பிரியாவைப் பாருங்கள். மாரிமுத்து இருந்தபோது, அவர் கோபத்துக்கு நடுவே ஒரு நக்கலைச் செருகிவிட்டு நழுவ நந்தினிக்கு இடம் இருந்தது. அவருடைய ஆத்திரத்திலேயே கொஞ்சம் வேடிக்கையும் கலந்திருக்கும். வேல ராமமூர்த்தி வந்தபின் அந்த இடைவெளி மூடிக்கொண்டது. இவருடையது ராமநாதபுரத்துக் கனத்த குரல், இமைக்காத பார்வை. நந்தினி வாயெடுத்துவிட்டுப் பாதியில் முழுங்க ஆரம்பித்தாள். குணசேகரனின் மனைவி ஈஸ்வரியாக கனிகா பேசாமல் நிற்கும் காட்சிகளில்கூட இறுக்கம் கூடியது. வீடு நிஜமாகவே பயந்த வீடாக மாறியது.

சிரிப்பு போனது நஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். மாரிமுத்துவின் குணசேகரன்தான் இன்றும் எனக்குப் பிடித்தவர். ஆனால் வேல ராமமூர்த்தி மோசமாக நடித்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஊரே அழுதுகொண்டிருக்கும்போது அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் அவர். முன்னவரைப் போலப் பேச ஒருநாளும் முயலவில்லை. அதற்குத் தைரியம் வேண்டும்.

2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது கதாநாயகி ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போட்டே பழக்கிவிட்டார்கள் நம் சீரியல்காரர்கள். இந்த முறை நான் அவசரப்படவில்லை. ஒரு மாதம் கழித்து, "ஜனனி எப்படிம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"யாரு, புதுசா வந்த பிள்ளையா?" என்றவர், "இன்னும் கொஞ்சநாள் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.