போஸ்ட்கிரெஸ் இணைப்புச் சரம்: யூஆர்எல் வடிவமா, ஜோடி வடிவமா?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு இணைப்புச் சரத்தை, அதாவது எங்கே, யாராக இணைய வேண்டும் என்று சொல்லும் வரியை, இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, போஸ்ட்கிரெஸ்கியூஎல்://பயனர்:பாஸ்வேர்ட்@ஹோஸ்ட்:5432/டேட்டாபேஸ் என்று யூஆர்எல் மாதிரி ஒரே மூச்சில் எழுதுவது. இன்னொன்று, ஹோஸ்ட்=, போர்ட்=5432 என்று இடைவெளி விட்டு ஜோடி ஜோடியாக அடுக்குவது.

யூஆர்எல்லில் மாட்டிக்கொள்ளும் இடம் எப்போதும் பாஸ்வேர்ட்தான். ஒருமுறை என் பாஸ்வேர்டிலேயே ஒரு @ இருந்தது. போஸ்ட்கிரெஸுடன் இணைக்கும் நூலகமான லிப்பிக்யூ முதல் @ வந்ததுமே பாஸ்வேர்ட் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஹோஸ்ட் பெயர் என்று தேடப் போய், அப்படி ஒரு ஹோஸ்டே இல்லை என்று பிழை காட்ட, நான் அரை நாள் ஹோஸ்ட் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸைக் குடைந்துகொண்டிருந்தேன். அந்த @-ஐ %40 என்று எழுதியிருக்க வேண்டும், # வந்தால் %23. அப்புறம் அதே சரத்தை டேட்டாபேஸ் அமைப்பு மாற்றங்களை நடத்தும் அலெம்பிக் கருவியின் ஐஎன்ஐ அமைப்புக் கோப்பில் வைத்தால் அந்த %-ஐயும் இரட்டிக்க வேண்டும், %%40. கொடுமை!

ஜோடி வடிவத்தில் @ வந்தால் சும்மா அப்படியே எழுதலாம். இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் போடணும், மேற்கோளோ \-ஓ பாஸ்வேர்டில் வந்தால் முன்னால் ஒரு \, அவ்வளவுதான். ஒரே கணினிக்குள் இணையப் பயன்படும் யூனிக்ஸ் சாக்கெட்டின் பாதையையும் நேராக ஹோஸ்டில் கொடுக்கலாம். யூஆர்எல்லின் ஹோஸ்ட் இடத்தில் ஒவ்வொரு சாய்கோட்டையும் %2எஃப் ஆக்கணும்.

ஆனால் பைதானின் டேட்டாபேஸ் நூலகமான எஸ்கியூஎல்ஆல்கெமி கேட்பது யூஆர்எல்தான், சூழல் மாறி ஒன்றில் முழுசாக அடக்கவும் அதுதான் வசதி. அதனால் சர்வர் நிரலுக்கு நான் யூஆர்எல், போஸ்ட்கிரெஸின் கட்டளை வரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் கையால் தட்டும்போது ஜோடி.