கூரை திறக்கும் பழைய கார் வாங்க நினைப்பவர்கள் மழை நாளில் போய்ப் பாருங்கள்

கடந்த வாரம் என் மனைவியின் தம்பி, தலவத்துகொடையில் விற்பனைக்கு நிற்கும் கன்வர்டிபிள் கார் ஒன்றின் படங்களை அனுப்பி, "அத்தான், இதை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். தொலைபேசியில் சொல்லத் தொடங்கிய பதில் முக்கால் மணி நேரம் நீண்டுவிட்டது. அதே யோசனையில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவக்கூடும் என்பதால், நான் ஏமாந்த விதத்தை எதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

2024 பெப்ரவரியில் நான் வாங்கியது மஸ்டா எம்.எக்ஸ்-5. ஜப்பானில் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட இந்தக் காரின் இரண்டாம் தலைமுறை 1998இல் வெளிவந்தது. என்னுடையது 2001ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இரண்டே இருக்கைகள், கையால் மடித்துவிடக்கூடிய துணிக் கூரை (ஹூட்), 1600 சீசீ எஞ்சின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் நாட்டுக்குள் இருந்த பழைய வாகனங்களுக்கு என்ன விலை வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விலையைக் கொடுப்பதற்கு முன் நான் கவனமாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கவனம் முழுவதையும் கடதாசிகளிலேயே செலவழித்துவிட்டேன்.

விற்றவர் காரை முதலில் ஓபன் பேப்பரில் தருவதாகச் சொன்னார். பதிவுச் சான்றிதழில் இருப்பவர் வேறொருவர், அவர் கையெழுத்திட்ட மாற்றப் படிவங்கள் தன்னிடம் உள்ளன, பெயரைப் பிறகு ஆறுதலாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அவருடைய வாதம். அதற்கு நான் இணங்கவில்லை. பதிவுசெய்த உரிமையாளரை நேரில் சந்தித்து, லீசிங் நிலுவை எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்தி, சேசிஸ் இலக்கத்தைச் சான்றிதழுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த பின்னரே மீதிப் பணத்தைக் கொடுத்தேன். இதையெல்லாம் செய்து முடித்ததும், என்னை இனி யாரும் ஏமாற்ற முடியாது என்ற எண்ணம் வந்துவிட்டது. ஜப்பானில் பழைய கார் ஏலத்துக்கு வரும்போது அதன் நிலையைப் பரிசோதித்து எழுதும் ஏலத் தாளின் பிரதி ஒன்றை அவர் காட்டினார்; அதில் நல்ல நிலையைக் குறிக்கும் தரம் 4 என்று இருந்தது. துருவைக் குறிக்கும் எஸ் எழுத்தோ, விபத்துக்குப் பின் திருத்தப்பட்ட வாகனத்தைக் குறிக்கும் ஆர் தரமோ அதில் இல்லை. அந்தத் தாள் பொய்யும் அல்ல. ஆனால் அது இருபது ஆண்டுகளுக்கு முன்னர் கார் கப்பல் ஏறியபோது இருந்த நிலையைத்தான் சொல்கிறது என்பதும், அதன் பின்னரான கொழும்பு மழையையும் உப்புக் காற்றையும் பற்றி அதற்கு எதுவும் தெரியாது என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காரை நான் பார்த்தது நுகேகொடையில், மழையில்லாத பெப்ரவரி மாதத்து நண்பகலில். ஹூட் ஏற்கெனவே மடித்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே புதுக் கம்பளம் விரித்து, மல்லிகை வாசனைத் திரவியம் தாராளமாக அடித்திருந்தார்கள். காரை இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறாரே என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். என்னுடன் வந்த மெக்கானிக் எஞ்சினின் கம்பிரஷனைப் பார்த்தார், டைமிங் பெல்ட் மாற்றப்பட்ட விவரத்தைக் கேட்டார், ஓட்டியும் பார்த்தார். எஞ்சினில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தொடங்கியது. ஒரு நாள் டுப்ளிகேஷன் வீதியில் சமிக்ஞை விளக்கருகே பிரேக் பிடித்தபோது, என் காலடியில் எங்கோ குடத்துத் தண்ணீர் அலம்புவது போன்ற ஓசை கேட்டது. காரை எடுத்தபோது பின்னால் ஓடிய தண்ணீர், அடுத்த விளக்கில் நின்றபோது மீண்டும் முன்னால் ஓடி வந்தது. வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தை அழுத்திப் பார்த்தேன். விரல்களுக்கிடையே பழுப்பு நீர் பொங்கியது. மல்லிகை போய், ஈரச் சாக்கின் நாற்றம் வந்தது.

இந்தக் காரில் ஹூட்டின் மேல் விழும் மழைநீரின் ஒரு பகுதி, பின்விளிம்பின் வழியே உள்ளே இறங்குவது இயல்பானதுதான். அங்கே மறைவாக உள்ள பீலி போன்ற ஓர் உறுப்பு அதைப் பிடித்து, இருக்கைப் பட்டி (சீட் பெல்ட்) பொருத்தியுள்ள தூண் போன்ற பகுதிகளின் பின்னால் இரு பக்கமும் உள்ள குழாய்களுக்குள் விடும்; நீர் பின்சக்கரத்துக்கு முன்னால் வண்டியின் அடியில் வெளியேறும். மரநிழலில் நிற்கும் காரில் அந்தக் குழாய்கள் இலைத் தூளாலும் மண்ணாலும் அடைபடும். அடைபட்டால், நீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ இரும்புக்குள், கராஜில் சில் என்று சொல்லும் (சக்கரச் சில்லு அல்ல) பகுதிக்குள், இறங்கித் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்து உடலைத் தாங்குகிறது. கூரை இல்லாத காரில் அந்தப் பாரத்தின் பெரும் பங்கு சில்லின் தலையில்தான் விழுகிறது. அது போனால் போவது அழகு மட்டுமல்ல.

பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் டின்கரிங் என்னும் தகட்டு வேலை செய்யும் பாஸ் ஒருவர் காரை உயர்த்தி, அடியில் புதிதாகப் பூசியிருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். பிறகு திருப்புளியை வைத்து மெதுவாகத் தள்ளினார். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. இரும்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஓட்டையை அடைக்கப் பூசும் பசையான புட்டியும் ஃபைபர் துணியும்தான் இருந்தன. கிழிந்திருந்த பீலியைச் சிலிக்கனால் ஒட்டி, தெரியாதபடி கறுப்பு வர்ணம் அடித்திருந்தார்கள். "இது தெரியாமல் நடந்த வேலை இல்லை, ஐயா" என்று மட்டும் அவர் சொன்னார்.

விற்றவரைத் தொலைபேசியில் பிடிக்க மூன்று நாள் ஆனது. "இந்த மாதிரிக் காரை மழையில் யாராவது ஓட்டுவார்களா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். சட்டத்தரணியான நண்பர் ஒருவர் நான் கையெழுத்திட்டிருந்த பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்து, "உள்ள நிலையில் பரிசோதித்துப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியின் கீழ் விரலை வைத்தார். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வியாபாரி அல்லாத ஒருவரிடம் வாங்கும்போது பொருளின் தரம் பற்றிய பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவர் மீதே விழும் என்றும், வேண்டுமென்றே மறைத்தார் என்று வழக்காடலாம், ஆனால் செலவும் காலமும் தாங்குமா என்று யோசித்துக்கொள் என்றும் சொன்னார். நான் வழக்காடவில்லை. இரண்டு பக்கச் சில்லையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க ஒன்பது வாரங்களும் நான்கு இலட்சத்து எழுபதாயிரம் ரூபாவும் போயின.

மைத்துனருக்குச் சொன்னவற்றில் முக்கியமானவை இவை. ஹூட்டை மூடச் சொல்லி, பின்கண்ணாடிக்குக் கீழே இரு மூலைகளிலும் ஒரு வாளி நீரை மெதுவாக ஊற்றிவிட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் சொட்டினால் மறுபக்கம் அடைபட்டிருக்கிறது. இருக்கைப் பட்டியை முடியும் வரை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் கம்பளத்தை மாற்றுகிறவர்கள் பட்டியை மாற்றுவது அரிது. என் காரின் பட்டியில் கடைசி ஒரு சாண் நீளத்துக்குப் பூஞ்சணக் கோடு இருந்தது, நான்தான் இழுத்துப் பார்க்கவில்லை. துணி சுற்றிய சிறு காந்தத்தைச் சில் நெடுகிலும் வைத்துக்கொண்டு போனால், புட்டி உள்ள இடத்தில் அது ஒட்டாமல் விழும். அடைபட்ட குழாயைக் காற்றழுத்தத்தால் ஊதித் திறக்கிறேன் என்று யாராவது முன்வந்தால் தடுக்க வேண்டும்; குழாய் உள்ளே கழன்றுவிட்டால் நீர் நேராகச் சில்லுக்குள்தான் போகும்.

மழை பெய்யும் மாலையில் வந்து பார்க்கலாமா என்று மைத்துனர் நேற்று விற்பவரிடம் கேட்டிருக்கிறார். இது ஒக்டோபர், மாலையில் எப்படியும் மழை வரும், வெயில் ஏறியபின் காலையில் வந்தால்தான் காரை வடிவாகப் பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாளியையும் கொண்டு போகச் சொன்னேன்.