342,000 ரூபாய்க்குப் பச்சை நிறம் வாங்கினேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "சரி, கண்ணூறு கழிந்தது" என்று நானே விட்டுவிடுவேன். விண்டோஸ் பேட்ச் (ஓட்டைகளை அடைக்க மைக்ரோசொப்ட் விடும் திருத்தங்கள்) போட, இன்டர்நெட் வழியாக நடக்கும் க்ளவுட் சேவை நல்லதா, அலுவலகத்திலேயே வைக்கும் சொந்தச் சேர்வர் நல்லதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சிறு அலுவலகக்காரர்களுக்காக இது. இரண்டையும் கடைசியில் விரிவாக ஒப்பிட்டுச் சொல்கிறேன். முதலில் என் 342,000 ரூபாய் போன வழியைக் கேளுங்கள்.

திருகோணமலைப் பட்டினத்தில் எனக்கு ஒரு சின்னக் கணக்கு அலுவலகம். உப்புவெளி, நிலாவெளி விடுதிகள் சில, நாலைந்து கடைகள், ஒரு ஐஸ் கம்பனி ஆகியவற்றின் கணக்குகள் எங்களிடம். மொத்தம் 19 கம்ப்யூட்டர். பின் அறையில் பழைய சேர்வர் ஒன்று, அதில் பேட்ச்களைப் பகிர்ந்து கொடுக்கும் மைக்ரோசொப்டின் மென்பொருள், டபிள்யூ.எஸ்.யூ.எஸ். மச்சானின் மகன் கட்டாருக்குப் போக முன்னர் அமைத்துத் தந்தது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய் இரவு மைக்ரோசொப்ட் பேட்ச்களை வெளியிடும். சேர்வர் அவற்றை ஒரு தடவை இறக்கி வைக்கும், 19 மெஷினும் அதனிடம் வாங்கிக்கொள்ளும். இன்டர்நெட் மிச்சம். தொல்லையும் இருந்தது: டிஸ்க் நிரம்பும், பழைய பேட்ச்களைத் துப்புரவு செய்ய வேண்டும், கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும். அந்தக் கத்தலில் நான் சலித்துப்போயிருந்த நேரம் பார்த்துத்தான் அவன் வந்தான்.

2025 செப்டெம்பர். க்ளவுட் பேட்ச் சேவை ஒன்றை விற்கும் முகவர் என்றான். எது, யார் என்று எழுதவில்லை, பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். "நானும் உவர்மலைப் பொடியன்தான் அண்ணா" என்றான். வந்த அன்று எங்கள் பிரின்டர் இறுகிப்போய் நின்றது. கேட்காமலேயே கழற்றி, கிழிந்த தாளை உருவி எடுத்து, தன் கைக்குட்டையால் துடைத்துப் பூட்டினான். காசு கொடுக்கப் போனேன். "இதுக்குமா அண்ணா?" என்றான். தேத்தண்ணி மட்டும் குடித்தான். நான் விழுந்த இடம் அதுதான். 342,000 ரூபாய்க்கு நான் பார்த்த தகைமைச் சான்றிதழ் அந்தக் கைக்குட்டை.

அப்புறம் பேச்சு. "டபிள்யூ.எஸ்.யூ.எஸ்ஸ மைக்ரோசொப்ட் கைவிட்டுட்டான் அண்ணா, இனி அதில ஒண்டும் வராது." பாதி உண்மை. 2024 செப்டெம்பரில் அவர்கள் சொன்னது இனிப் புது வசதிகள் சேர்க்க மாட்டோம் என்பதைத்தான். இருப்பது வேலை செய்யும், பேட்ச்சும் வரும். அடுத்தது முழுப்பொய்: "ஒக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 முடியுது, ஆனா எங்கட சேர்விஸ் இருந்தாத் தொடர்ந்து பேட்ச் வரும்." க்ளவுடோ சேர்வரோ, மைக்ரோசொப்ட் கொடுப்பதைத்தான் கொண்டுவந்து போடும். விண்டோஸ் 10-க்கு அந்தத் திகதிக்குப் பிறகு பேட்ச் வேண்டுமென்றால் நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர வேண்டும். நிறுவனங்களுக்கு முதல் வருடம் மெஷினுக்கு 61 டொலர், வருடா வருடம் இரட்டிப்பு. எங்களிடம் 12 மெஷின் விண்டோஸ் 10. இதெல்லாம் இப்போது தெரிகிறது.

மெஷினுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று வருடம் முன்பணம். 19 மெஷினுக்கு 342,000. "கணக்கை என்ட ஈமெயிலிலயே திறக்கிறன், உங்களுக்கு ஏன் அண்ணா கரைச்சல், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றான். நானும் யோசிக்கவில்லை. காசை அவனுடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போட்டேன். பழைய சேர்வரின் வயரை அவன் கையாலேயே கழற்றினான். திரையில் 19 பெயரும், பேட்ச் சரியாக விழுந்ததற்கு அடையாளமாக, பச்சையாக வரிசைகட்டி நின்றன. அழகாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு பிடிஎஃப் வந்தது. எல்லாம் பச்சை. நவம்பர் கடைசியில் புயலும் வெள்ளமும் வந்தபோது அலுவலகத்துக்குள் முழங்கால் மட்டும் தண்ணீர். நிலத்தில் வைத்திருந்த ஒரு மெஷின் செத்துப்போய் மதர்போர்ட் வேறாகத் திருத்தும் கடையில் கிடந்தது. டிசெம்பர் அறிக்கையில் அந்த மெஷினும் பச்சை. "டிசெம்பர் 10, பேட்ச் வெற்றிகரமாகப் போடப்பட்டது."

வேலை செய்யும் தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். அவளுடைய மெஷினைத் திறந்து பார்த்தோம்: கடைசியாகப் பேட்ச் விழுந்தது செப்டெம்பரில். மற்றதும் அப்படியே. அவன் திறந்தது 30 நாள் சோதனைக் கணக்கு. அது முடிந்ததும் பிடிஎஃப்பில் திகதியை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறான். பேட்ச் எங்கே வாங்குவது என்ற பழைய அமைப்பையும் மெஷின்களில் மாற்றவில்லை. அதனால் 19-ம் மூன்று மாதமாகச் செத்த சேர்வரின் விலாசத்தையே தட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன. 2017-இல் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்ட வன்னகிரை வந்தது மே 12, அதற்கான பேட்ச் வந்தது மார்ச் 14. இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள் என்று பொடியன்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்.

ஒரு விஷயம் அவன் பக்கம் சொல்ல வேண்டும். 2025 ஒக்டோபரில் டபிள்யூ.எஸ்.யூ.எஸ்ஸிலேயே பெரிய ஓட்டை கண்டுபிடித்து மைக்ரோசொப்ட் அவசர பேட்ச் விட்டது. என் சேர்வர் அப்போது அணைந்து கிடந்தது. அந்தப் புண்ணியம் மட்டும் அவனுக்குச் சேரட்டும்.

போன் எடுத்தேன். "மீட்டிங்ல இருக்கிறன் அண்ணா." அடுத்த நாள், "டிக்கெட் போட்டிருக்கு அண்ணா." அதற்கடுத்த நாள், "உங்கட லைன் ஸ்லோ அண்ணா, வெள்ளத்தால." வெள்ளம் வந்தது எங்களுக்கு, சாட்டு அவனுக்கு! பிறகு வட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். இப்போது அதுவும் இல்லை. சேவை நிறுவனத்துக்கே எழுதினேன். கணக்கு உங்கள் பெயரில் இல்லை, விபரம் தர முடியாது என்று இரண்டு வரி. என் 342,000 ரூபாய் அவர்களிடம் போகவே இல்லையே, அவர்களுக்கு என்ன?

காசை விட வயிற்றைக் கலக்குவது வேறு. பேட்ச் போடவென்று அவன் நிறுவிய ஏஜென்ட் என்ற சின்ன மென்பொருள் 19 மெஷினிலும் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தது. அந்தக் கணக்கை மறுபடி உயிர்ப்பித்தால் இருந்த இடத்திலிருந்தே எங்கள் மெஷினில் எதையும் ஓட்டலாம். ஊரார் கணக்கெல்லாம் அதற்குள். நேற்று இரவு ஒவ்வொன்றாக அழித்தோம்.

ஒப்பீடு எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியாது. அவசரத்துக்கு இவ்வளவு: க்ளவுட் என்றால் கணக்கு உங்கள் ஈமெயிலில், உள்ளே நுழையும்போது உங்கள் போனுக்குக் கோட் வரும்படி. மூன்று வருடக் காசை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். பிடிஎஃப்பை நம்பாமல் ஏதாவது இரண்டு மெஷினில் நீங்களே திறந்து பாருங்கள். சொந்தச் சேர்வரை அணைக்கும் முன் மெஷின்களில் அதன் விலாசத்தை எடுத்துவிடுங்கள். பிரின்டரை இலவசமாகத் திருத்துகிறவனுக்குத் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிச்சம் பிறகு. 11-ஆவது மெஷின் 43 வீதத்தில் நிற்கிறது, யுபிஎஸ் கத்துகிறது.