கார் டாக்: மலை ரோட்டில் ஓடும் பாஸ்டன் அரட்டை

எந்தக் கார் வாங்கலாம் என்று யோசனை கேட்க 'கார் டாக்' என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சியின் பக்கம் போகாதீர்கள். அதில் பேசப்படும் வண்டிகளில் பாதி நம் ஊருக்கு வந்ததே இல்லை. புது நிகழ்ச்சிகளும் 2012 அக்டோபரோடு நின்றுவிட்டன. இருந்தும் பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போதெல்லாம் எங்கள் வண்டியில் அதுதான் ஓடுகிறது. பல வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: இதை நடத்தியவர்கள் டாம், ரே மாலியோட்ஸி என்று அண்ணன் தம்பி இருவர். இரண்டு பேரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) படித்தவர்கள். வேலைக்குப் போகும் வழியில் பெரிய லாரி ஒன்றில் அடிபடாமல் மயிரிழையில் தப்பிய டாம், இந்த வேலைக்காகவா சாக இருந்தோம் என்று நேராகப் போய் ராஜினாமா செய்துவிட்டார். 1973-இல் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் இருவரும் ஒரு ஷெட் திறந்தார்கள். இடமும் டூல்ஸும் வாடகைக்கு, வண்டியை அவரவரே கழற்றிப் பூட்டிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. அப்புறம் அது வழக்கமான ஒர்க்‌ஷாப் ஆகிவிட்டது. (வண்டியைத் தானே கழற்றுகிறேன் என்று உட்காரும் ஆட்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.) 1977-இல் பாஸ்டனின் டபிள்யூ.பி.யு.ஆர். வானொலியில் பேசத் தொடங்கி, 1987 முதல் என்.பி.ஆர். என்ற தேசியப் பொது வானொலி வழியாக நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒருவர் போனில் வருவார், வண்டியில் கேட்கும் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். இவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இன்னொரு தடவை செய்யச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வரும் கேள்விகள்தான் எனக்குப் பிடித்தவை. வண்டி யாருடையது, அதிகம் ஓட்டுவது யார், இதை விற்க வேண்டும் என்று வீட்டில் யார் சொல்கிறார்கள்? ஐந்து நிமிஷத்தில் கிளட்ச் பிரச்சினை புருஷன் பெண்டாட்டி வழக்காக மாறிவிடும். தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். பழைய வண்டி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்த வழக்கு நிலுவையில் இருக்கும், எங்கள் வீடு உட்பட.

ஒரு மழைக்காலத்தில், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஏறும்போது முன்பக்கம் 'டக் டக் டக்' என்று கேட்டது. நேர் ரோட்டில் சத்தமே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் என் மனைவி நாக்கை மேலண்ணத்தில் தட்டி அதை அப்படியே செய்து காட்டினாள். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வளைவு முடிஞ்சதும் நின்னுடுதாக்கா?"

"நின்னுடுதுப்பா."

"ஆக்ஸிலேட்டர் மிதிச்சா?"

"அப்பத்தான் ஜாஸ்தி."

முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டவர், மண் கலந்த கிரீஸை விரலில் எடுத்துக் காட்டினார். டிரைவ் ஷாஃப்ட் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, சேறும் தண்ணீரும் உள்ளே போய் ஜாயின்ட் தேய்ந்திருந்தது. ஒடித்துத் திருப்பி, மிதித்து ஏறும்போதுதான் அதன் மேல் முழு பாரம் விழும், அதனால்தான் அங்கே மட்டும் கத்தியிருக்கிறது. டாமும் ரேயும் கேட்பது இதே வரிசைதான்: வளைவிலா நேரிலா, ஏறும்போதா இறங்கும்போதா, வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா? கேட்டுக் கேட்டு நாங்களும் இந்தத் தகவலோடுதான் இப்போது ஒர்க்‌ஷாப் போகிறோம். "என்னவோ சத்தம் வருதுங்க" என்று மொட்டையாகச் சொல்வதில்லை.

தாங்கள் சொன்னது தப்பாகப் போனாலும் அவர்கள் அதை மறைப்பதில்லை. முன்பு யோசனை கேட்டவரை மறுபடி கூப்பிட்டு, சொன்னது பலித்ததா என்று விசாரிக்க 'ஸ்டம்ப் த சம்ப்ஸ்' என்று ஒரு பகுதியே வைத்திருந்தார்கள். தப்பு என்று தெரிந்தால் டாமின் சிரிப்பு இன்னும் பெரிதாகும். அவர் 2014 நவம்பரில் காலமானார். தொகுத்து வெளியிட்ட பாட்காஸ்ட்களில் அந்தச் சிரிப்பைக் கேட்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. பனிக்கு ரோட்டில் போடும் உப்பால் வண்டியின் அடிப்பாகம் துருப்பிடிக்கும் கதை அடிக்கடி வரும், அது நமக்கு உதவாது. இங்கே இறங்கும் வழியில் பிரேக் கருகிய வாடையோடு டூரிஸ்ட் வண்டிகள் ஓரம் கட்டி நிற்பது அன்றாடக் காட்சி. ஏறின கியரிலேயே இறங்கு என்பதைச் சொல்லித்தர நம் ஊர் டிரைவர்கள்தான் வேண்டும். வாராவாரம் வரும் புதிரை நான் பெரும்பாலும் தள்ளிவிடுவேன். முடிவில் ஊழியர் பட்டியல் என்று வாசிக்கும் பொய்ப் பெயர்களின் சிலேடையில் பாதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சிரிப்பு சில சமயம் ரொம்ப நீளம்.

பாஸ்டன் உச்சரிப்பு பழக நாளாகும். வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வரும், சரியாக டாமும் ரேயும் பதில் சொல்லும் இடத்தில் அறுந்துவிடும். இயர்போன் வேண்டாம், மூடுபனியில் எதிர் வண்டியின் ஹாரன் காதில் விழ வேண்டும். முன்சீட்டில் ஆங்கிலம் புரியாத பெரியவர்கள் இருந்தால் நான் கொடை எஃப்.எம். 100.5-க்கு மாற்றிவிடுவேன். ஆனால் என் மாமியாருக்கு இந்த மாற்றம் பிடிப்பதில்லை. "அந்த ரெண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரிப்பாங்களே, அதையே போடுங்க மாப்பிள்ளை" என்பார்.