பாண்டியிலிருந்து மாஹே வரை: மூன்று சாலைகள், மூன்று விதமான மலை

புதுச்சேரி வண்டிக்கு பி.ஒய். 01, மாஹே வண்டிக்கு பி.ஒய். 03. ஒரே ஆட்சிப்பகுதிதான், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு தீபகற்பமே கிடக்கிறது. வங்கக்கடலில் கிளம்பி அரபிக்கடலில் இறங்கும் இந்தப் பயணத்துக்குப் பாண்டியில் யாரிடம் வழி கேட்டாலும், "சேலம், கோயம்புத்தூர், பாலக்காடு. நேராப் போயிட்டே இரு" என்பார்கள். சீக்கிரம் போய்ச் சேர வேண்டியவருக்கு அது போதும். நின்று நின்று, பார்த்துப் பார்த்துப் போக நினைப்பவருக்கு இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. மூன்றுமே ஏறத்தாழ 620 முதல் 680 கி.மீ.க்குள் அடங்கும் என்பதால் தூரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையை எந்த இடத்தில், எந்த மாதத்தில் கடக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் பாலக்காட்டு வழி. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம். கடலூர்க்காரர்கள் வடலூர், விருத்தாசலம் வழியாக வந்து சின்னசேலத்தில் இதே சாலையைப் பிடித்துக்கொள்ளலாம். உளுந்தூர்பேட்டை - சேலம் சாலையில் மட்டும் கவனம் தேவை. புறவழிச்சாலை வருமிடங்களில் நான்கு வழி திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கி, நிறைய விபத்துகளைப் பார்த்த சாலை இது. அந்தப் பகுதியை இருட்டில் ஓட்டாதீர்கள். ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் காடும் ஜவ்வரிசி ஆலைகளும் வரும். ஆலை இருப்பதை மூக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். சேலத்தில் ஒரு தட்டுவடை செட், பவானி கூடுதுறையில் கொஞ்ச நேரம், பிறகு கோவையைத் தாண்டி வாளையாறு.

இந்த வழியில் மலை ஏறவே தேவையில்லை. முப்பது நாற்பது கி.மீ. அகலத்துக்கு மலைத்தொடரே விட்டுக்கொடுத்த இடம் பாலக்காட்டுக் கணவாய். இருபுறமும் தூரத்தில் மலை நிற்க, நடுவே சமவெளியில் கியர்கூட மாற்றாமல் கேரளத்துக்குள் நுழைந்துவிடுகிறோம். காற்று மட்டும் வண்டியைத் தள்ளும். கஞ்சிக்கோடு பக்கம் விலகி ராமசேரி போனால், மண்பானை வாயில் துணி கட்டி அதன்மேல் தட்டையாக வார்க்கும் இட்லி கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் அது. பாலக்காட்டில் ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டையும் சாலையிலிருந்து அதிக தூரமில்லை. அதற்குப் பிறகுதான் சலிப்பு. மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, மலப்புறம், கொண்டோட்டி என்று கடைவீதி முடியாமலே நீளும் சாலை. மண்ணார்க்காடு வரை வலப்புறம் கல்லடிக்கோடு மலை துணைக்கு வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது, செஞ்சி - மைசூரு வழி. இதில் தொடக்கம்தான் அழகு. செஞ்சி 70 கி.மீ.தான் என்பதால் விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறும் முன்பே ராஜகிரியில் ஏறிவிடலாம். மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. பாண்டிக்காரர்களுக்கு வேறொரு உறவும் உண்டு: 1750இல் பிரெஞ்சுப் படை இதைப் பிடித்தது, 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்ததும் செஞ்சியும் போயிற்று. அடுத்து திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி. பௌர்ணமி நாளில் மட்டும் இந்தப் பக்கமே தலைகாட்ட வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் பாதி நாள் போய்விடும்.

ஒசூர் தாண்டியதும் அழகெல்லாம் முடிந்து கட்டணச் சாலை தொடங்குகிறது. பெங்களூருக்குள் நுழையாமல், ஊரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டில் மைசூர் சாலையைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். 2023இல் திறந்த 119 கி.மீ. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையில் பைக்குக்கு அனுமதியில்லை, சர்வீஸ் ரோடுதான் கதி. ஆகவே பைக்கில் போகிறவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம். காரில் போகிறவர்களுக்கு மைசூருவில் ஓர் இரவு, மறுநாள் ஹுன்சூர், விராஜ்பேட்டை, மாக்கூட்டம் காட்டுப்பாதை, இரிட்டி, தலசேரி. கடைசி நூறு கி.மீ.யில்தான் மலை வருகிறது. வந்த வேகத்தில் முடிந்தும்விடுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் பூமழை (காப்பியைப் பூக்க வைக்கும் மழை) பெய்த சில நாட்களில் குடகின் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்த வாரம் அமைந்தால் இந்த வழிக்கு ஈடில்லை. அது முன்கூட்டியே தேதி சொல்லிக்கொண்டு வராது என்பதுதான் சிக்கல்.

மூன்றாவது, நீலகிரி வழி. என் ஓட்டு இதற்குத்தான். அவிநாசி வரை முதல் வழியேதான், அங்கிருந்து மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டிக்கு ஐம்பது கி.மீ. சொச்சத்தில், கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே உள்ள உயரத்துக்கு ஏறிவிடுகிறோம். கல்லாறு பாக்குத்தோப்பின் புழுக்கத்தில் திறந்த சன்னலைக் குன்னூரில் மூட வேண்டியிருக்கும். முதல் இரவு ஊட்டியில் வேண்டாம், குன்னூரோ கோத்தகிரியோ போதும். மறுநாள் காலையில் பைக்காரா, நடுவட்டம், ஊசிமலை வழியாகக் கூடலூர். பிரிட்டிஷார் சின்கோனா மரம் பயிரிட்டு, மலேரியா மருந்தான கொயினா எடுத்த ஊர் நடுவட்டம். புல்வெளியும் யூகலிப்டசுமாக இருந்த மலை அங்கிருந்து இறங்க இறங்கத் தேயிலையாகவும் பிறகு அடர்ந்த காடாகவும் மாறும். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல், ஏறும்போது எந்த கியரோ அதிலேயே இறங்குங்கள்.

கூடலூரில் சாலை பிரிகிறது. நாடுகாணி வழியாக நிலம்பூர் இறங்கினால் சீக்கிரம் கோழிக்கோடு. நான் சொல்வது பந்தலூர், சேரம்பாடி, மேப்பாடி வழியாக வயநாட்டுக்குள். தாமரசேரிச் சுரத்தில் (மலைப்பாதையில்) விடுமுறை நாட்களில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும்; அதை விட்டு, கல்பற்றாவிலிருந்து படிஞ்ஞாறத்தறை போய் பாணாசுர சாகர் மண் அணையைப் பார்த்துவிட்டு, குற்றியாடிச் சுரத்தில் இறங்கினால் நாதாபுரம், பிறகு மாஹே. கோழிக்கோட்டு நெரிசலே இல்லை. கூடலூர், வயநாடு இரண்டுமே யானை நடமாடும் பகுதி; பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

இந்த வழிக்குத் தொல்லைகளும் அதிகம். 2024 மே முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வயநாட்டுப் பக்கமும் மாக்கூட்டமும் ஆபத்து. 2024 ஜூலை 30 அன்று மேப்பாடியை ஒட்டிய முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவை யாரும் மறந்திருக்க முடியாது. நவம்பரில் நம் பக்கத்துப் பருவமழை குன்னூர் மலைப்பாதையைச் சரித்துவிடும். மிச்சமிருப்பது ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை. மழைக்காலத்தில் போயே ஆக வேண்டுமென்றால் பாலக்காடுதான், பேச்சே இல்லை.

அக்டோபர் நடுவில் மாஹே புனித தெரேசா கோயில் திருவிழா. அப்போது போகிறவர்கள் அறையை முன்பே பிடித்துவிடுங்கள்; கிடைக்காவிட்டால் தலசேரி பக்கத்தில்தான், பிரியாணிக்காகவாவது அங்கே போகத்தான் போகிறீர்கள். மைசூரு தசராவும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் என்பதால் இரண்டாவது வழி அப்போது ஒத்துவராது. திரும்பும்போது மாஹேயிலேயே டாங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். கேரளத்தைவிட பெட்ரோல் அங்கே விலை குறைவு. அதனால் பங்க்கில் வரிசையும் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.