மூன்றரைக் கட்டை ஏன் இல்லை? மண்டபத்தில் ஒரு பியானோ வகுப்பு

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தம் வீட்டு முன்னறையில் நடத்தும் பியானோ வகுப்பில் கடந்த எட்டு மாதங்களாக என் ஒன்பது வயது மகளும் நானும் படித்துவருகிறோம். மகளைக் கொண்டுபோய் விடுவதற்காகப் போனவன், மூன்றாவது வாரத்தில் நானும் மாணவனாகச் சேர்ந்துவிட்டேன். வாசலில் பலகைகூட இல்லாத வகுப்பு என்பதால், இந்தக் கடற்கரைப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசை கற்பிக்க இடம் தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று அதன் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பதினைந்து ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்துவருகிறேன். எல்லாம் கேள்வி ஞானம். எந்தப் பாட்டானாலும் சி மேஜரில் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துக்கொண்டு, பாடுகிறவருடைய சுருதிக்கு ஏற்ப ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி ஏற்றியும் இறக்கியும் சமாளித்துவிடுவேன். கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் வாசிக்கும் நண்பர்கள் பலருக்கும் இதுவே பிழைப்பு என்பதால், இதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை. என் கீபோர்டை ஒருநாள் வகுப்புக்கு எடுத்துப்போனபோது, டீச்சர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பைக் கொண்டுவந்து அந்தப் பொத்தானின் மேல் ஒட்டினார். "இது வேலை செய்யிற வரைக்கும் உங்களுக்குப் பன்னிரண்டுல பதினோரு சுருதி தெரியாது, தம்பி" என்றார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால், இந்த வகுப்பின் தரத்தைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த டேப்தான்.

இசை இலக்கணத்தை அவர் தொடங்கும் முறை வேறெங்கும் நான் காணாதது. மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோடுகளையும், அவற்றின் தொடக்கத்தில் இடும் டிரெபிள் கிளெஃப் குறியையும் முதல் நாளே பலகையில் வரைந்து பிள்ளைகளை மிரட்டுவதில்லை. நம் ஊர்ப் பாடகர்கள் சுருதியைக் குறிக்க அன்றாடம் சொல்லும் கட்டைக் கணக்கிலிருந்து தொடங்குகிறார். சி என்பது ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. இவ்வளவையும் எழுதிவிட்டு, "மூன்றரைக் கட்டை எங்கே?" என்று கேட்டார். மேடைகளில் "ரெண்டரை வையுங்க", "நாலரைக்குப் போங்க" என்று ஆயிரம் முறை கேட்டிருந்தும், மூன்றரை என்று யாரும் சொன்னதில்லை என்பது அதுவரை என் மனத்தில் பட்டதே இல்லை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவில், அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான அரைச் சுரத் தொலைவே உள்ளது. அங்கே கறுப்புக் கட்டைக்கு இடமில்லை. பி-க்கும் மேல் சி-க்கும் நடுவிலும் அப்படியே. ஆகவே ஏழரையும் கிடையாது. (ஏழரை பியானோவில் இல்லாவிட்டாலும் சிலருடைய ஜாதகத்தில் உண்டு என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, வகுப்பு ஐந்து நிமிடம் நின்றது.)

அந்த ஒரு கேள்வியிலிருந்து மேஜர் ஸ்கேல் என்ற சுரவரிசையின் அமைப்பு தானாகவே வெளிவந்தது. இரண்டு அரை சேர்ந்தது ஒரு முழு என்றால், முழு, முழு, அரை. பிறகு முழு, முழு, முழு, அரை. வெள்ளைக் கட்டைகளில் சி-யிலிருந்து ஏறினால் இந்த இடைவெளிகள் இயல்பாக அமைந்துவிடுகின்றன. ஜி-யிலிருந்து அதே இடைவெளிகளில் ஏற வேண்டுமானால் எஃப்-ஐ விட்டு நாலரைக்குப் போகத்தான் வேண்டும். ஷார்ப், அதாவது அரைச் சுரம் உயர்த்திய சுரம், ஏன் வருகிறது என்பதை மனப்பாடம் செய்யாமல், விரல் நுனியில் கண்டுபிடிக்க முடிந்தது. இதே ஸ்கேல்தான் நம் இருபத்தொன்பதாவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) சங்கராபரணத்தின் சுரங்கள் என்று அவர் சொன்னதும், பாட்டு வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுமி உடனே பாடிக் காட்டினாள்.

மற்றொரு நாள் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொன்னார். நாலரையை ஆதார சட்ஜமாக (தொடக்கச் சுரமான ‘ச’வாக) வைத்து ஏறினால் மோகனம், அதே ஐந்து கட்டைகளில் ஐந்தரையைச் சட்ஜமாக்கினால் மத்தியமாவதி, ஆறரையில் இந்தோளம், ஒன்றரையில் சுத்த சாவேரி, இரண்டரையில் சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று கச்சேரிகளில் கேள்விப்பட்டிருந்த ஒன்றை, ஒரு கட்டையும் மாறாமல் என் கைக்குக் கீழேயே பார்த்தேன். ஆனால், சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாமல் ராகம் இல்லை என்பதையும், சுரத்தை வளைக்க முடியாத பியானோவில் தோடி போன்றவற்றுக்கு நியாயம் செய்ய இயலாது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

விரல் பயிற்சிக்கு வருகிறேன். அந்த முன்னறையில் இரண்டு டிஜிட்டல் பியானோக்களும், மிகப் பழைய அப்ரைட் (செங்குத்தாக நிற்கும்) மரப் பியானோ ஒன்றும் உள்ளன. இந்தப் பழைய பியானோவை வாசிக்க முடியாது. உப்புக்காற்றில் கம்பிகள் துருவேறி, பலகை ஈரத்தில் உப்பி, சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை கீழே இறங்கிக் கிடக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் இக்கரையில் மரப் பியானோவைச் சுருதியில் வைத்திருப்பது பெரும்பாடு. ஆனாலும் டீச்சர் அதை விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பலகையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கட்டையை மெல்ல அழுத்தச் சொல்லி உள்ளே பார்க்க வைக்கிறார். ஃபெல்ட் சுற்றிய சிறு சுத்தியல் எழும்புகிறது. கம்பியைத் தொட்டவுடன், விரல் கட்டையை இன்னும் அழுத்திக்கொண்டிருக்கும்போதே, பின்வாங்கிவிடுகிறது. ஆக, ஒலி எழுந்த பிறகு விரலை எவ்வளவு அமுக்கினாலும் பயனில்லை. கட்டை எவ்வளவு வேகமாகக் கீழே போகிறது என்பதுதான் ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. வாசித்த சுரத்தின் மேல் கையை ஊன்றி நசுக்கும் என் பதினைந்து ஆண்டுப் பழக்கம், அந்தச் சுத்தியலைப் பார்த்த மாலையிலிருந்துதான் குறையத் தொடங்கியது. தாழ்ந்த சுரங்களுக்கு ஒற்றைக் கம்பியும், அடுத்தவற்றுக்கு இரண்டும், மேலே மூன்றும் இருப்பதை என் மகள் விரலால் தொட்டு எண்ணினாள்.

உட்காரும் உயரத்தில் அவர் மிகக் கண்டிப்பானவர். முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு தொங்கவும் கூடாது, தூக்கி நிற்கவும் கூடாது. உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம் அடங்குமளவுக்கு விரல்கள் வளைந்திருக்க வேண்டும். சிறுவர்களுக்குக் காலடியில் ஒரு மரப்பெட்டியை வைக்கிறார், ஏனெனில் கால் அந்தரத்தில் ஆடினால் தோள் இறுகிவிடும். கட்டைவிரலை ஒன்று என்றும் சுண்டுவிரலை ஐந்து என்றும் எண்ணும் முறையில், சி மேஜரை வலக்கையில் 1-2-3-1-2-3-4-5 என்று ஏறும்போது, மூன்றாம் விரலுக்கு அடியில் கட்டைவிரல் நுழைவதை மட்டும் எங்களுக்கு இரண்டு வாரம் பழக்கினார். எஃப் மேஜரில் மட்டும் ஏன் நான்காம் விரலுக்குப் பிறகு கட்டைவிரல் வருகிறது என்று கேட்டேன். அங்கே நான்காவது சுரம் ஆறரைக் கட்டை. குட்டையான கட்டைவிரலைக் கறுப்பில் ஏற்றினால் கையே முன்னுக்குத் தள்ளப்படும், அதனால்தான் என்றார். ஒரு விதியைச் சொல்லும்போதே அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியர் கிடைப்பது அரிது.

சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் கார்டுகளிலும் (chord) இதே முறைதான். சி-இ-ஜி-யிலிருந்து எஃப் கார்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு தாவாமல், சி-யை அங்கேயே வைத்து சி-எஃப்-ஏ என்றும், அடுத்து பி-டி-ஜி என்றும் நகரச் சொல்லித்தந்தார். கை இரண்டு அங்குலம்கூட நகரவில்லை. பாடகர் குழுவுக்குப் பின்னால் என் வாசிப்பு முதல்முறையாகத் திணறாமல் ஓடியது. ஒலியை நீட்டும் பெடலைச் சுரத்தோடு சேர்த்து மிதிக்காமல், புதிய கார்டு விழும்போது காலைத் தூக்கி, விழுந்த மறுகணம் மிதிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

குறைகளும் உண்டு. முதலாவது, எழுதிய இசையைப் பார்த்து வாசிப்பது. தாளத்துக்கு, துடிப்பை எண்ணிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு அறுபதில் வைத்துத் தொடங்குவதெல்லாம் சரி. ஆனால் அப்படிப் பார்த்து வாசிக்கும் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரம் போதவில்லை. எட்டு மாதம் ஆகியும், தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிளெஃபைப் பார்த்தால் என் மகள் கோடுகளைக் கீழிருந்து எண்ணத்தான் செய்கிறாள். இரண்டாவது, கருவிகள் இரண்டே என்பதால், நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் ஒரு பிள்ளையின் கைக்குக் கட்டை கிடைப்பது இருபது நிமிடமே. மீன்பிடித் தடைக் காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வீட்டிலிருக்கும் அப்பாக்கள் பிள்ளைகளைத் தவறாமல் கூட்டிவந்துவிடுவதால், அந்த இரண்டு மாதமும் கூட்டம் இன்னும் அதிகம்.

மூன்றாவது, தேர்வு. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளுக்கு அவர் தயார்செய்கிறார். மற்றொரு பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் தேர்வுகளில் ஆர்வம் காட்டுவதில்லை. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு செய்முறைத் தேர்வுக்குப் போக ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடானதோ தேறியிருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. பிள்ளை எந்த வழியில் போக வேண்டும் என்பதைப் பெற்றோர் முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆண்டுக்கு ஒரு கிரேடு என்று அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது.

கட்டணம் ஒருவருக்கு மாதம் 1,200 ரூபாய், எட்டு வகுப்புகள். இதற்கு முன் வேறோர் இடத்தில் ஏறக்குறைய இதே கட்டணத்துக்கு என் மகள் மூன்று மாதம் படித்தாள். அங்கே எல்லாக் கட்டைகளிலும் எழுத்து ஒட்டிய ஸ்டிக்கர்கள். அவற்றைப் பார்த்து ஒரு பிறந்தநாள் பாட்டை வாசித்துக் காட்டினாள். ஸ்டிக்கரை உரித்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கருவி வாங்கிய கடையிலும் ஏமாந்தோம். 61 கட்டைகள் கொண்ட, எடையே இல்லாத பிளாஸ்டிக் கட்டைக் கீபோர்டைக் காட்டி, பியானோ கற்க இதுவே போதும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். பியானோவுக்கு 88 கட்டைகள். அவற்றின் எடையை உணராத விரலுக்கு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வராது. சேருகிறவர்கள் முதல் ஆறு மாதம் எதையும் வாங்காமல், டீச்சர் வீட்டில் மாலை நான்கு மணிக்கு முன்னால் கருவி சும்மா இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்கிப் பழகுவதே மேல். அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. டிஜிட்டல் பியானோ வாங்கினாலும் கடற்காற்று படும் சன்னலோரத்தில் வைக்காமல், வாசித்து முடித்ததும் துணியால் மூடிவைக்க வேண்டும்.

போன மாதம் பூசையில், பாடுகிற அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் மூன்றுக் கட்டையிலிருந்து இரண்டரைக்கு இறக்கச் சொன்னார். வழக்கம்போல் கை பொத்தானுக்குப் போய், டேப்பில் முட்டித் திரும்பியது. மூன்று ஃபிளாட் (அரைச் சுரம் இறக்கிய சுரம்) உள்ள இ ஃபிளாட் மேஜரில், இரண்டாம் சரணத்தில் ஒரு கார்டைத் தவறவிட்டேன் என்றாலும், பாட்டு நிற்காமல் முடிந்தது.

வகுப்பு செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டும். ஆறரை மணி வகுப்பை எடுத்துக்கொண்டு பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் திரும்புகிறவர்கள் பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். தன் பங்கு வாசித்து முடிக்காமல் எந்தப் பிள்ளையையும் டீச்சர் வீட்டுக்கு அனுப்புவதில்லை.