டார்ஜிலிங் திபெத்திய அகதிகள் மையம்: கம்பளம் வாங்க நல்ல இடம்

டார்ஜிலிங் போய்விட்டு வெறும் டீத்தூளோடு திரும்பாதீர்கள். லெபாங் பக்கம் இறங்கினால் திபெத்திய அகதிகள் சுயஉதவி மையம் இருக்கிறது. தலாய் லாமா இந்தியா வந்த அதே 1959இல், எல்லை தாண்டி வந்தவர்கள் சொந்தக்காலில் நிற்பதற்காகத் தொடங்கிய மையம் இது.

கடையைவிடத் தறிக்கூடத்தில்தான் அதிக நேரம் நின்றேன். நிமிர்ந்து நிற்கும் தறி. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, தறியில் நெடுக்காகக் கட்டிய பாவு நூலோடு ஒரு கம்பியையும் சேர்த்துக் கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டே போனார். வரிசை முடிந்ததும் கம்பிமேல் கத்தியை ஓட்ட, வளையங்கள் அறுந்து பொசுபொசுவென்று நின்றன. அப்புறம் அடித்து இறுக்கி அடுத்த வரிசை. இப்படி ஒரு கம்பளத்துக்கு எத்தனை வரிசை! அதைப் பார்த்தபின் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை, பேசவும் கூடாது.

என் அம்மா பூஜையில் உட்கார ஒரு சின்ன விரிப்பு வாங்கினேன். டிராகன் போட்டது, நல்ல கனம், தினமும் விரித்தும் அமுங்கவில்லை. மிஷின் கம்பளத்தைவிட விலை கூடத்தான், ஆனால் தகும். திருமணமான திபெத்தியப் பெண்கள் இடுப்பில் கட்டும் கோடுபோட்ட ஏப்ரனான பாங்டென்னையும் பாருங்கள். மூன்று பட்டைகளை, கோடுகள் வேண்டுமென்றே சேராதபடி தைத்திருப்பார்கள்.

ஞாயிறு விடுமுறை. மற்ற நாளில் காலையிலேயே போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம்.